இடப்பக்கம் விடாத குதிரை

குதிரை நடந்து வருவதைத் தூரத்தில் பார்த்தே எந்தக் காலில் நோவு என்று சொல்லிவிடுவார் என்பதால் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

குதிரையோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. மனுஷன் அதோடு விடமாட்டார். குதிரையை வைத்து அதை ஓட்டுகிறவனின் லட்சணத்தையும் புட்டுப்புட்டு வைப்பார். "வாயில வலது ஓரம் காய்ச்சுப் போயிருக்கு பாரு. ஓட்டுறவனுக்கு வலது கை கனம். வீட்டுலயும் கோபக்காரனாத்தான் இருப்பான்" என்பார். விசாரித்தால் அப்படியேதான் இருக்கும். ஒருமுறை வெளியூர்க் குதிரை ஒன்று சாராயக்கடை வாசலில் தானாகப் போய் நின்றபோது, "இதை ஓட்டுறவன் குடிகாரன்" என்று பெரிய கண்டுபிடிப்பு போலச் சொன்னார். "இதைச் சொல்ல எக்ஸ்ரே எதுக்கு, என் லாடச் சுத்தியலே சொல்லுமே" என்று லாடக்காரர் சிரித்தார். எக்ஸ்ரேவுக்கு இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டது. குதிரை விஷயத்தில் எதைக் கேட்டாலும் 'தெரியல' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அதில் அவருக்கு அவ்வளவு கர்வம்.

அவர் தொழில் பால் வண்டி. விடிந்ததும் தோட்ட வீடுகளுக்குப் போய்ப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து பால் நிலையத்தில் இறக்க வேண்டும். வண்டியை இழுப்பது சாம்பல் நிறப் பெண் குதிரை ஒன்று. அவருடைய மனைவி அதைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதனால் ஊரில் எல்லாருக்கும் எக்ஸ்ரேவைச் சீண்ட ஒரு வசதி. "என்ன மாமா, கொழுந்தியா இன்னைக்கு நல்ல மூடுல இருக்காளா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் ஒரு திருப்பத்தில் சக்கரம் கழன்று எக்ஸ்ரே கீழே விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், கட்டுப் பிரித்தார்கள், நடக்கப் பழகச் சொன்னார்கள். இவர் பழகினால்தானே! கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த முட்டியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு ஒரு வருஷம் படுத்துக் கிடந்தார். பால் நிலையத்துக் கணக்கருக்கு, அஞ்சல்காரருக்கு, வழி தவறி வந்த காய்கறி வண்டிக்காரருக்குக்கூட அவர் முட்டி எந்த நேரத்தில் குத்தும், எந்த நேரத்தில் இழுக்கும் என்று தெரியும். பொய் வலி என்று சொல்ல வரவில்லை. வலி நிஜம்தான். ஆனால் அந்த வீட்டில் வேறொரு வலி நுழைய இடமே இல்லாதபடி அது கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த ஒரு வருஷமும் வண்டி ஓட்டியது அவர் மனைவி. விடியலில் எழுந்து வண்டி பூட்டிக்கொண்டு போவாள். திரும்பி வந்து குதிரையைத் தேய்த்து, புல் போட்டு, சமைத்து, துவைத்து, மாலையில் இவர் முட்டிக்கு எண்ணெய் தடவ உட்காருவாள். "முட்டி எப்படி இருக்குங்க?" என்று கேட்பாள். அவ்வளவுதான், இவர் ஆரம்பித்துவிடுவார்.

"ஒரு கையால தடவுனா எப்படி இறங்கும்? இன்னொரு கையை எங்க அடகு வெச்சிட்டு வந்த?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஒரு கை போதும்ங்க" என்றாள் அவள்.

எப்போதாவது கொல்லைப்பக்கம் நொண்டிப் போனால், துணி காயும் கொடிக்கயிறு இவர் கழுத்தை அறுக்கும் உயரத்தில் இருந்தது. "இந்த வீட்டுல குள்ளனுங்களா குடியிருக்காங்க?" என்று அதற்கும் ஒரு கத்து கத்தினார். மேல் பலகையில் இருந்த டப்பாக்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கி வந்திருந்தன. அவை காலில் தட்டியபோதும் திட்டினார். அவள் டப்பாவைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தாள். மேலே தூக்கி வைக்கவில்லை.

ஒருவழியாக இந்த வருஷம் முட்டி கொஞ்சம் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. "நாளையிலேர்ந்து நான்தான் வண்டி எடுக்கப்போறேன்" என்று எக்ஸ்ரே அறிவித்தார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "குதிரை கொஞ்சம் மாறியிருக்கும். பொறுமையாப் பழகுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"குதிரையைப் பத்தி எனக்கு நீ சொல்றியா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

குதிரைத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடிவாளம் போடுவது, பட்டை இறுக்குவது, வண்டி பூட்டுவது எல்லாம் குதிரையின் இடப்பக்கம் நின்றுதான். குட்டியிலேயே அப்படித்தான் பழக்குவார்கள். எக்ஸ்ரேவும் கடிவாளத்தோடு இடப்பக்கம் போனார். குதிரை சடாரென்று சுற்றி வலப்பக்கத்தைக் காட்டியது. மறுபடி இடப்பக்கம் போனார். மறுபடி சுற்றியது. லாயத்துக்குள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றின. கடைசியில் சுவரோடு சேர்த்து நெருக்கிப் பிடித்தார். அது காதைப் பின்னால் மடக்கி அவர் தோளில் ஒரு கடி வைத்தது.

"அடிப்பாவி!"

கடிவாளத்தைத் தூக்கினால் தலையைத் தரைவரைக்கும் தொங்கப் போட்டது. இவர் தாடையைப் பிடித்து மேலே தள்ள, அது மறுபடி தாழ்த்த, நெற்றிக்கு நெற்றி முட்டி அவருக்குப் பொறி கலங்கிவிட்டது. எப்படியோ பூட்டிக்கொண்டு சாலைக்கு வந்து, இரண்டு கையிலும் கடிவாள வாரைப் பிடித்து ஓட்டினால், எந்தப் பக்கம் இழுத்தாலும் அதற்குக் குழப்பம். நில் என்று இழுத்தால் பின்னால் நடந்தது. பாதி வழியில் வாய்க்கால் பாலம் வந்ததும் தானாகவே நின்றுவிட்டது. நாலு அடி கொடுத்தும் நகரவில்லை. அதற்கே தோன்றிய நேரத்தில் பெருமூச்சு விட்டுக் கிளம்பியது. எக்ஸ்ரே வாழ்க்கையில் முதல்முறையாகப் பால் நிலையத்துக்குத் தாமதமாகப் போனார். கணக்கர் கடிகாரத்தைப் பார்த்தார், தோளில் இருந்த கடியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு எழுதினார். அந்த மரியாதைதான் எக்ஸ்ரேவுக்குப் பொறுக்கவில்லை.

சில நாள் இப்படியே போனது. ஊர் முழுக்கச் சிரிப்பு. "கொழுந்தியாளுக்கு உங்க மேல என்ன கோவம் மாமா?" என்று கேட்காத ஆளில்லை. பெயர் எக்ஸ்ரே, ஆனால் சொந்தக் குதிரைக்குக் கடிவாளம் போடத் தெரியவில்லை என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஒரு நாள் பெரிய தோட்ட வீட்டு வாசலில் விஷயம் முற்றியது. அங்கே பால் கேன்களை வைக்க இடுப்பளவில் ஒரு சிமெண்டு மேடை. அதற்குச் சற்று முன்னால் எக்ஸ்ரே வாரை இழுத்து நிறுத்தினார். குதிரை நிற்கவில்லை. திரும்பி, வண்டியின் பின்பக்கத்தை மேடைப் பக்கம் காட்டி, விறுவிறுவென்று பின்னால் நடந்தது. "ஏய், ஏய்!" என்று இவர் ஒரு பக்கம் இழுக்க, வண்டி கோணலாகப் போய் மேடையில் மோதியது. ஏற்றி வந்த கேன்கள் சரிந்து, மூடி கழன்று, நாலு வீட்டுப் பால் சாக்கடையில் ஓடியது. தோட்டக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அக்கா ஓட்டுறப்ப இப்படி ஆனதே இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? வீடு வந்ததும் எக்ஸ்ரே குதிரையைக் கட்டிப்போட்டுச் சாட்டையை எடுத்தார். மனைவி ஓடிவந்து வலது கையால் சாட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. அது மேல தப்பு இல்ல."

"அப்ப யாரு மேல தப்பு?"

"என் மேலதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நல்லா இருந்த குதிரையை ஒரே வருஷத்துல கெடுத்துக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்க. இனிமே இது தேறாது. வித்துடப்போறேன்."

"விக்க வேண்டாங்க. நானே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து வாங்க, அது உங்களுக்கும் பழகிடும்."

"பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பக்கத்துல பொம்மை மாதிரி உட்காரணுமா? ஊரு இப்பச் சிரிக்கிறது போதாதா?"

அவள் சாட்டையை விட்டுவிட்டாள். அப்போது அவள் முகத்தை இவர் பார்த்திருக்கலாம். குதிரையின் காதைப் பார்த்து அதன் மனசைச் சொல்கிறவர்தானே. ஆனால் பார்க்கவில்லை.

மறுநாளே தரகரிடம் சொல்லிவிட்டார். அந்த வட்டாரத்தில் குதிரை வியாபாரமெல்லாம் லாடக்காரரின் பட்டறை முற்றத்தில்தான் நடக்கும். லாடம் அடிக்கக் காத்திருக்கிற வண்டிக்காரர்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் வாயே சாட்சி, வாயே வக்கீல். எக்ஸ்ரே குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மனைவி லாயத்து வாசலில் நின்றாள். குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, "போயிட்டு வா தங்கச்சி" என்றாள். 'வா' என்று ஏன் சொல்கிறாள், திரும்பி வரவா போகிறது என்று எக்ஸ்ரே மனசுக்குள் கேட்டுக்கொண்டார்.

பட்டறையில் தரகர் தயாராக ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருந்தார். செங்கல் சூளைக்காரர். தூரத்து ஊர், இங்கே யாரையும் அவருக்குப் பழக்கமில்லை. சாதுவான மனிதர். வண்டியிலிருந்து அவிழ்த்து நிறுத்திய குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா முரட்டுக் குதிரைன்னு வர்ற வழியில சொன்னாங்களே" என்று இழுத்தார்.

"முரடா? அதெல்லாம் ஓட்டின கையோட கோளாறு" என்றார் தரகர். "நம்ம எக்ஸ்ரேகிட்டக் கேளுங்க. எந்தக் குதிரையையும் பார்த்து அதை ஓட்டினவன் ஜாதகத்தையே சொல்லிடுவாரு. அண்ணே, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

வண்டிக்காரர்கள் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். லாடக்காரர் வேறொரு குதிரையின் குளம்பை மடியில் வைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேவுக்குப் பல நாளைக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. பறிபோன மானத்தை இந்த முற்றத்திலேயே மீட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. குதிரை நல்ல குதிரை, ஓட்டின ஆள்தான் சரியில்லை என்று நிரூபித்துவிட்டால் விலையும் படியும், பெயரும் பிழைக்கும். ஓட்டின ஆள் தன் பெண்டாட்டி என்று சூளைக்காரருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, உண்மையைத்தானே சொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"குதிரை பேரில ஒரு குத்தமும் கிடையாது" என்று தொண்டையைக் கனைத்தார். "இதை ஓட்டின ஆளுக்குத் தொழில் தெரியாது. இப்பப் பாருங்க."

இடப்பக்கம் போனார். குதிரை சுற்றி வலப்பக்கத்தைக் காட்டியது.

"பார்த்தீங்களா? எல்லா வேலையும் வலப்பக்கம் நின்னே செஞ்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா. ஏன்னா, அந்த ஆளுக்கு..." ஒரு கணம் யோசித்தார். யோசனை ஓட ஆரம்பித்தால் அவருக்கு எதிரில் இருப்பது யார் என்றே மறந்துவிடும். கண் குதிரையிலேயே இருக்கும். "வலப்பக்கம் நின்னு குதிரையைப் பார்த்தா, அதோட தலை இருக்கிறது நம்ம வலது கைப் பக்கம். அப்ப, வலது கையாலதான் எல்லாம் பண்ணியிருக்காங்க."

கடிவாளத்தை எடுத்தார். குதிரை தலையைத் தரைக்குத் தாழ்த்தியது.

"இதைப் பாருங்க. இது திமிர்னு நானே நினைச்சேன். இது திமிர் இல்ல. தலையைக் கீழ கொண்டுவரச் சொல்லிப் பழக்கியிருக்காங்க. எதுக்கு? கை மேல எழும்பாது. தோளுக்கு மேல தூக்க முடியாத ஆளு."

"அடேங்கப்பா" என்றார் சூளைக்காரர். அவருக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. "அப்புறம்?"

"வாரை ரெண்டு கையால பிடிச்சா இதுக்குப் புரியறதில்ல. ரெண்டு வாரையும் முடிச்சுப் போட்டு ஒரே கையில வெச்சு ஓட்டியிருக்காங்க." வாரின் நடுவில் தேய்ந்து வழவழப்பான இடத்தைத் தூக்கிக் காட்டினார். இத்தனை நாளும் அது அவர் கையில்தான் இருந்தது. "இந்தா, முடிச்சு விழுந்த தடம். மேடையைப் பார்த்தா இது தானா பின்னாடி நடக்கும். வண்டி மேடையை ஒட்டி நின்னா கேனைத் தூக்க வேண்டாம், அப்படியே தள்ளிக்கலாம். தூக்க முடியல, அதான். இடது கை சுத்தமா விளங்கல. பாதி வழியில வாய்க்கால் பாலத்துல நிக்கும். தினம் அங்க நிறுத்தி..."

பட்டறையில் ராவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அது நின்றதைத்தான் அவர் முதலில் கவனித்தார்.

"தினம் நிறுத்தி?" என்றார் சூளைக்காரர்.

"வலி பொறுக்க முடியாம..." என்றார் எக்ஸ்ரே. அவருக்கே கேட்காத குரலில் சொன்னார். "வலி பொறுக்க முடியாம கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டுப் போயிருக்காங்க."

தலையை நிமிர்த்தினார். வண்டிக்காரர்களில் ஒருவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். லாடக்காரர் மட்டும் நேராக இவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

சூளைக்காரர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவு சரியாச் சொல்றீங்களே. அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? வீட்டுல ஒருத்தரும் கவனிக்கலையா?"

எக்ஸ்ரே கையிலிருந்த வாரைச் சுருட்டினார். ஒரு கையை எங்கே அடகு வைத்தாய் என்று கேட்டது அவர் காதிலேயே கேட்டது. கொடிக்கயிறு கண் முன்னால் வந்தது. தரைக்கு இறங்கிய டப்பாக்கள் வந்தன. ஊரான் குதிரையின் குளம்புக்குள் இருக்கிற முள்ளைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்த கண்ணால், ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் நின்ற கையைப் பார்க்கவில்லையே!

"விக்கல" என்றார்.

"அண்ணே, பேசி முடிச்ச வியாபாரம்..." என்று தரகர் எழுந்தார்.

"விக்கலைன்னு சொல்றாருல்ல, விடுய்யா" என்றார் லாடக்காரர்.

எக்ஸ்ரே குதிரையின் வலப்பக்கம் போய் நின்று வண்டியைப் பூட்டினார். அது சுற்றவில்லை. ஆனால் அவர் வண்டியில் ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். வழியில் ஒருவர், "என்ன மாமா, கொழுந்தியாளைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். எக்ஸ்ரே குனிந்தபடியே நடந்தார்.

குளம்புச் சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். குதிரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இவரைப் பார்த்ததும் பயந்துவிட்டது.

"என்னாச்சுங்க? விலை படியலையா?"

"கையைத் தூக்கு" என்றார்.

அவள் வலது கையைத் தூக்கினாள்.

"அது இல்ல."

அவள் வலது கையைக் கீழே இறக்கினாள். பிறகு இடது கையை எடுத்தாள். அது இடுப்புக்கு மேல் கொஞ்சம் வந்து நின்றுகொண்டது. இப்போது பார்த்தால் நன்றாகவே தெரிந்தது, அந்தக் கை மற்றதைவிட வீங்கியிருந்தது. சட்டைக் கை இறுகிப் பிடித்திருந்தது. இதைப் பார்க்க எக்ஸ்ரேவாக இருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

"அக்குள்ல ஒரு கட்டி" என்றாள். "முதல்ல சின்னதாத்தான் இருந்துது."

"எப்பலேர்ந்து?"

"உங்க காலுக்குக் கட்டுப் பிரிச்சாங்களே, அப்பலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "ரெண்டு மூணு தடவை ஆரம்பிச்சேங்க. நான் எனக்கு வலிக்குதுன்னு சொன்னதும், நீங்க உங்க முட்டியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. சரி, முதல்ல உங்களுது ஆறட்டும்னு விட்டுட்டேன். நானும் படுத்துட்டா வண்டி யாரு ஓட்டுறது?"

எக்ஸ்ரே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அழக்கூட வெட்கமாக இருந்தது. அழுதால் அவள்தான் வந்து சமாதானம் சொல்லுவாள்.

மறுநாள் பாலைப் பக்கத்து வண்டிக்காரரை எடுக்கச் சொல்லிவிட்டு, மனைவியை வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா இளவயதுக்காரர். திரைக்குள் அவளைச் சோதித்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே கேட்டார்.

"இவங்க உங்க வீட்டுக்காரம்மாதானே? கை இப்படி வீங்க எத்தனை மாசம் ஆச்சு?"

"தெரியல" என்றார் எக்ஸ்ரே.

"வலியில ராத்திரி தூங்குறாங்களா?"

"தெரியல."

"உடம்பு எவ்வளவு இளைச்சிருக்காங்க? முன்னாடி எப்படி இருந்தாங்க?"

அதற்கும் அதே பதில்தான். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். "கூடவே தானே இருக்கீங்க?" என்றார். பிறகு, கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரமே வந்து சேர்ந்துவிட வேண்டும், முன்னாலேயே வந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும், இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மனைவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எக்ஸ்ரே சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படிப்பதுபோல் நின்றார்.

திரும்பும்போது, வண்டியில் வலப்பக்கமாக ஏற அவளுக்குக் கை கொடுத்தார். வாரை முடிச்சுப் போட்டு ஒரே கையில் பிடித்துக்கொண்டார். குதிரை ஒரு தகராறும் செய்யாமல் நடந்தது. பேச அவருக்கு எத்தனையோ இருந்தது. ஒவ்வொன்றும் தொண்டை வரை வந்து, 'எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்ற?' என்று கேட்டுத் திரும்பிப் போனது.

வாய்க்கால் பாலம் வந்ததும் குதிரை நின்றது.

எக்ஸ்ரே சாட்டையைத் தொடவில்லை. போன வாரம் இதே இடத்தில் அடித்த அடிகள் அதன் தொடையில் இன்னும் கோடு கோடாகத் தெரிந்தன. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்திருந்தது. வண்டியில் இருந்தபடியே அவர் அதைப் பார்த்தார். இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும், வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினார்.

அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள். "நேத்து அவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க. முட்டி வலிக்குதா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் நம்பவில்லை. வலது கையை நீட்டி, போர்வையை இழுத்து, அவர் முட்டியின் மேல் போட்டுவிட்டாள். பிறகு நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். குதிரை கிளம்பியது.